துடைத்தலும் ஆராய்தலும்

எழுதுதல் அரிது, எழுதியதை எச்சமின்றித் துடைத்தல் அதனினும் அரிது. சிலேட்டுப் பலகையை ஈரத்துணியால் துடைப்பதுபோல் கணிப்பொறியின் நினைவகத்தையும் துடைத்துவிடலாமெனப் பலர் எண்ணுவர். லினக்ஸ் கெர்னலுக்குப் பிறர் எழுதியனுப்பும் டிரைவர் நிரல்களைப் படித்தாராயும் பணி எமக்கு வாய்த்திருத்தலின், அவ்வெண்ணம் பொருந்தாமையை ஈண்டுச் சிறிது உரைப்பாம்.

சாதாரண நினைவகம் மின்சாரம் நின்றதும் யாவற்றையும் மறந்துவிடும். நிலைநினைவகமோ மறவாது. இன்டெல் கம்பெனியார் 2019-ஆம் ஆண்டில் ஆப்டேன் என்னும் பெயரால் இத்தகைய நினைவகத்தை விற்கத் தொடங்கி, 2022-இல் அவ்வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தனர். எனினும் இவ்வின நினைவகத்திற்குரிய டிரைவர் லினக்ஸில் நிலைத்துள்ளது. ஒருவர் நீக்கிய கோப்பின் இடத்தை மற்றொருவர்க்கு அளிக்குமுன் அவ்விடமெங்கும் பூஜ்யம் நிரப்பல் வேண்டும். அன்றேல் முன்னவர் அந்தரங்கம் பின்னவர் கண்ணிற்படும். 2020-இல் வெளிவந்த 5.7-ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு தனிச் செயல் சேர்க்கப்பட்டது.

இத்தகைய நிரலில் மூன்றினை நோக்குதல் எம் வழக்கம். முதலாவது அளவு. பக்கம் 4096 பைட். வட்டுக் கணக்கின் துண்டம் 512 பைட். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின் எட்டு மடங்கு பிழை நேரும். இரண்டாவது, பழுதுற்ற இடம். அதனைப் படிக்கப் புகின் இயந்திரம் அபாயக்குறி எழுப்பும். வெறும் பூஜ்யமிடுதலால் அப்பழுது நீங்குமென்று நம்பலாகாது. டிரைவர் அதனை முறைப்படி நீக்கல் வேண்டும். மூன்றாவது, இட்ட பூஜ்யம் உரிய இடஞ் சேர்ந்ததா என்பது. அது முதலில் செயலியின் கேஷில் தங்கும். 64 பைட் கொண்ட வரிசைகளாக அங்கிருந்து வெளித்தள்ளப்பட்ட பின்னரே நிலைபெறும்.

சின்னாட்களுக்கு முன் ஓரிளைஞர் அனுப்பிய திருத்தத்தை நாம் படித்தோம். முழுப்பக்கங்களுக்கு எல்லாம் செவ்வனே இருந்தன. பக்கத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் பூஜ்யமிடும் வழியில் வெளித்தள்ளும் கட்டளை இல்லை. சோதனைகள் யாவும் வெற்றியே காட்டின; ஏனெனில் அவை மீளப் படித்தது கேஷிலிருந்த பூஜ்யத்தையே. அவ்வேளை மின்சாரம் தடைப்படுமாயின், மாண்டதாகக் கருதிய எழுத்துக்கள் மீண்டும் உயிர்த்தெழும். அடுத்த பதிப்பிற்குரிய கெடு நெருங்கிற்று, "சோதனைகள் யாவும் தேறின, தாங்கள் ஒப்பம் தந்தருள வேண்டும்" என அவர் பணிவோடு எழுதினார். அவர்தம் பலநாள் உழைப்பை நினைந்து எம்முள்ளம் இரங்கியதுண்டு. எனினும், ஆராய்ந்தோர் என எம் பெயரைப் பொறித்தல், யாரோ ஓர் அயலாரின் மருத்துவக் குறிப்பிற்கும் வங்கிக் கணக்கிற்கும் பிணை நிற்றலன்றோ? காரணத்தை விளக்கி ஒப்பத்தை நிறுத்தினோம். கெடு கடந்தது. சில வாரங்களில் ஒரு வரியைச் சேர்த்து அவர் மீண்டும் அனுப்பினார்; அப்பொழுது மனநிறைவோடு ஒப்பமிட்டோம்.

மாணவ நண்பர்காள்! நண்பரின் எழுத்தைத் திருத்தும் வேளை உங்கட்கும் வரும். அவர் முகத்தை மட்டும் நோக்கற்க. அவ்வெழுத்தை நம்பி வாழவிருக்கும், நீங்கள் என்றும் காணாத மனிதரையும் நினைமின்.