என் குரலை யார் யார் கேட்பாங்க, முசியே?

நான் இணையத்தில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன் என்றால் என் வயதுக்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, “ஆளே எதிரில் இல்லாமல் ஒரு மொழியை எப்படி ஐயா சொல்லித் தருவது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி நாலு வரி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் கைமாறியபோது எனக்கு ஐந்து வயது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது பதின்மூன்று. கொடி மாறியதே தவிர என் பள்ளிக்கூடம் மாறவில்லை. கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாமே பிரெஞ்சில்தான் படித்தேன். பிறகு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பழைய பிரெஞ்சுக் கோப்பு எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அறுபது வயதில் ஓய்வு பெற்றதும், சும்மா இருப்பானேன் என்று எங்கள் தெருச் சங்கக் கூடத்தில் மாலை நேரத்தில் பிரெஞ்சு வகுப்பு தொடங்கினேன். என்னிடம் வருகிறவர்கள் மூன்று வகை: கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போகப் போகிற பெண்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிற தாத்தா பாட்டிகள்.

2020 ஊரடங்கில் கூடத்தைப் பூட்டினார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிப் பார்த்தோம். காலை வணக்கப் படங்களுக்கும் கஷாயக் குறிப்புகளுக்கும் நடுவில் பாடம் மூழ்கிப் போயிற்று. “போன வாரப் பாடம் எங்கே முசியே?” என்று தினம் நாலு பேர் கேட்பார்கள். கணினித் துறையில் இருக்கும் என் தங்கை பேரன்தான், “தாத்தா, உங்களுக்கு மூடுல் போட்டுத் தர்றேன்” என்றான்.

மூடுல் என்பது பாடம் நடத்துவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருள். 2002-இல் முதலில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை ஏற்றி வைக்கிற இணைய இடத்துக்கு மட்டும் வருட வாடகை. அதை நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம். உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியர். இவர் சிறு வயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் ரேடியோ வழியாகப் பாடம் கேட்டவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த மென்பொருள்மேல் ஒரு மரியாதை வந்தது. எதிரில் வாத்தியார் இல்லாமல் படிப்பது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

உள்ளே போனால் நம் அலுவலகம் மாதிரிதான். ஒவ்வொரு வகுப்பும் ஒரு கோப்பு. பாடங்கள் வரிசை எண்ணோடு அடுக்கியிருக்கும். மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தவரும் முதல் பாடத்திலிருந்து எடுத்துப் படிக்கலாம். மதிப்பெண் பட்டியல் தானாகவே ஏறிவிடும்.

முதலில் நான் ஏற்றியது ‘திக்தே’, அதாவது சொல்வதை எழுதுதல். எங்கள் காலத்தில் ஆசிரியர் ஒரு முறை முழுதும் வாசிப்பார். இரண்டாம் முறை துண்டு துண்டாக. மூன்றாம் முறை சரிபார்க்க. ஐந்து பிழை என்றால் சுழியம். இப்போது என் குரலைப் பதிந்து வைத்துவிட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எழுதியதை இயந்திரம் திருத்துகிறது. ‘ஊ’ என்ற ஒலியை எழுதும்போது தலையில் ஒரு சாய்ந்த கோடு இருந்தால் ‘எங்கே’, இல்லாவிட்டால் ‘அல்லது’. கோட்டை விட்டால் இயந்திரம் தவறு போடும். ஆனால் முகம் சுளிக்காது, பிரம்பு எடுக்காது. ஐம்பது வயதுக்கு மேல் படிக்க வருகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அச்சுப் புத்தகத்தால் செய்ய முடியாத ஒன்றையும் இது செய்கிறது. பிரெஞ்சில் மீனுக்குப் ‘புவாஸோன்’. குடிக்கிற பானத்துக்கும் ‘புவாஸோன்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது, பார்த்தீர்களா? முதலாவதில் ‘பல்’லில் வரும் ப, இரண்டாவதில் ‘பல்பு’வில் வரும் ப. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அதனால் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறவர்கள் ஓட்டலில் தண்ணீர் கேட்கப் போய் மீன் கேட்டுவிடுவார்கள். மூடுலில் ஒரு மீன் படம், ஒரு கண்ணாடிக் குவளைப் படம் போட்டேன். ஒலியைக் கேட்டுவிட்டு எது என்று தொட வேண்டும். எழுத்தே வேண்டாம். இரண்டு வாரத்தில் காது பழகிவிட்டது.

மூக்கொலிகளைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு நம் பேச்சுத் தமிழே போதும். “மரம்” என்று வீட்டில் பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? இல்லை, ஒலி மூக்கில் போய் நின்றுவிடுகிறது. பிரெஞ்சில் ‘நல்லது’ என்பதற்கான ‘போன்’ முடிவதும் அப்படித்தான். இதை ஒரு நிமிட ஒலிப்பதிவாகப் போட்டேன். அதிகம் பேர் கேட்ட பாடம் அதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்பதும் எழுதுவதும். பேசுவதற்கு என்ன வழி? இங்கேதான் எல்லா இணைய வகுப்பும் தடுமாறுகிறது. கட்டத்தை நிரப்பு, சரியானதைத் தொடு என்று கேள்வி செய்வது சுலபம். அதனால் பாடம் முழுதும் அதுவாகவே ஆகிவிடுகிறது. தெல்ஃப் என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒன்றிலாவது 5-க்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. எழுத்தில் புலியாக இருந்து வாய் திறக்காவிட்டால் பயனில்லை.

மூடுலில் ஒரு மைக் பொத்தான் உண்டு. அழுத்திப் பேசினால் பதிவாகிவிடும். ஒரு பொதுப் பலகை திறந்து, “உங்கள் ஒரு நாளைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசுங்கள்” என்று போட்டேன். பிள்ளைகள் பேசினார்கள். பெரியவர்களில் சிலர் பேசவில்லை.

அவர்களில் ஒருவர் காரைக்கால் அம்மையார். (அந்த அம்மையார் அல்ல, எங்கள் வகுப்பில் வைத்த பட்டப்பெயர்.) வயது அறுபத்துமூன்று. மகள் குடும்பம் பிரான்சில். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள், தமிழ் வராது. வீடியோவில் வந்தால் “மாமி” என்று கூப்பிடும். பிரெஞ்சில் பாட்டியைச் செல்லமாக அழைப்பது அப்படித்தான். இவர் சிரிப்பார், கையசைப்பார், கேமராவைத் திருப்பிக் கன்றுக்குட்டியைக் காட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது. “எம் பேத்திகிட்ட நாலு வார்த்தை பேசிட்டுப் போயிடணும் முசியே” என்று சொல்லித்தான் சேர்ந்தார். எழுத்துத் தேர்வுகளில் இருபதுக்குப் பதினெட்டு. பேச்சுப் பலகையில் மட்டும் நான்கு வாரமாக வெறுமை.

வகுப்பறை என்றால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். இங்கே முகம் இல்லை. ஆனால் பதிவேடு இருக்கிறது. யார், எந்தப் பக்கத்தை, எத்தனை மணிக்குத் திறந்தார் என்று மூடுல் வரி வரியாக எழுதி வைக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடு பார்த்தவனுக்கு அது பழகிய உணவு. பார்த்தேன். அந்தப் பேச்சுப் பாடத்தை அந்த அம்மா முப்பத்தொரு தடவை திறந்திருக்கிறார். பெரும்பாலும் விடியற்காலை நாலரை மணிக்கு.

சோம்பேறி நாலரை மணிக்கு எழுந்திருப்பானா? போன் செய்தேன்.

“பாடம் கேக்கறீங்க, பேச மாட்டேங்கறீங்களேம்மா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “பேசி அனுப்பினா, என் குரலை யார் யார் கேட்பாங்க, முசியே?”

“வகுப்பில இருக்கறவங்க எல்லாரும் கேட்கலாம்.”

“அதுல என் சம்பந்தி வீட்டுப் பொண்ணு இருக்கு.”

விஷயம் அவ்வளவுதான். மூடுலில் ‘ஒப்படைப்பு’ என்று இன்னொரு வகை உண்டு. மாணவர் அனுப்புவது ஆசிரியருக்கு மட்டும்தான் போகும். பேச்சுப் பயிற்சியை அதற்கு மாற்றினேன். மறுநாள் காலை 4.52-க்கு நாற்பது விநாடிப் பதிவு வந்தது. பின்னணியில் சேவல் கூவுகிறது. ஏழு வாக்கியம். பிழைகள் இருந்தன. என் பதிலையும் குரலிலேயே அனுப்பினேன்: முதலில் நன்றாக வந்தது எது என்று, பிறகு ஒரே ஒரு திருத்தம். மற்றவை அடுத்த வாரத்துக்கு. அன்றிலிருந்து எல்லோருக்கும் இதே முறைதான். வாய் திறக்காமல் இருந்த மூன்று பேரும் அந்த மாதமே பேசினார்கள்.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா பேத்திக்குக் காக்கா, வடை, நரிக் கதையைப் பிரெஞ்சில் சொன்னார். லா ஃபோந்தேன் 1668-இல் வெளியிட்ட நீதிக்கதைகளில் இதே காக்கையும் நரியும் உண்டு. அங்கே பிள்ளைகள் பள்ளியில் அதை மனப்பாடம் செய்கிறார்கள். பேத்தி நடுவில் குறுக்கிட்டு, “மாமி, அது வடை இல்லை, பாலாடைக்கட்டி” என்று திருத்தியதாம். இவர் விடவில்லை. “எங்க ஊர்க் காக்கா வடைதான் தின்னும்” என்று பிரெஞ்சிலேயே சொல்லியிருக்கிறார். அதைப் பதிந்து எனக்கு அனுப்பினார். வினைச்சொல்லில் ஒரு பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

ஆகவே, கேட்ட நண்பர்களுக்குப் பதில் இது. திருத்துகிற வேலையையும் கணக்கு வைக்கிற வேலையையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மிச்சமாகிற நேரத்தில் யார் மௌனமாக இருக்கிறார், ஏன் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணினி ஞானம் அதிகம் தேவையில்லை. நம் போன்ற குமாஸ்தா மூளை போதும். உங்களில் ஒரு மொழியை நன்றாகப் படித்தவர்கள் இருந்தால் தயங்காமல் தொடங்குங்கள்.

இந்த வாரம் பதினோராம் பாடம்: மரியாதையாக ‘வேண்டாம்’ என்று சொல்வது எப்படி. பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு பேர் நான்கு நாளாக உள்ளே வரவில்லை. நாளைக் காலை போன் செய்ய வேண்டும்.