நெட்டைப் பிள்ளைக்குப் பரீட்சை

ஒரகடத்தில் மோட்டார் வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கத் தனிப் பாதையே இருக்கிறது. கூடைப்பந்து ஆடும் வாலிபனை மட்டும் நாம் அளவு நாடாவோடு பரீட்சித்து முடித்து விடுகிறோம்!

குருதாஸ்பூர் ஜில்லாவைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் 6 அடி 10 அங்குல உயரமுள்ள பார்வர்டு. 2020-ல், கலாசாலைப் பந்தயங்களை நாடாமல், அமெரிக்காவின் என்.பி.ஏ. சங்கத்துக் கீழ்நிலை லீகில் 'இக்னைட்' குழுவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். களத்தில் இறங்கக் கிடைத்த நேரமோ சொற்பம். 2021-ல் சாக்ரமெண்டோ கிங்ஸ் கோடைக்காலப் பந்தயத்தில் வென்றபோது அக்குழுவில் அவரும் இருந்தார், தேசத்துக்குப் பெருமைதான். 2024-ல் இக்னைட் குழுவையே கலைத்து விட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளை எவனையேனும் நம்மிடம் காட்டினால், தினந்தோறும் ஆடவிடும் கலாசாலைக்கே முதலில் அனுப்பச் சொல்வோம். உயரம் இருக்கட்டும், ஸ்வாமி. பந்து கைக்கு வருமுன் கூட்டாளி நிற்குமிடத்தைப் பார்த்து வைக்கிறானா?