மீன் வெடுக்கும் அப்பாவின் நெஞ்சும்

மீன் கழுவும்போது எங்கட அம்மாமார் ஏன் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? கேட்டால் "வெடுக்குப் போக" என்பார்கள். அந்த வெடுக்குக்கு ஒரு பெயர் இருக்கிறது: டிரைமெதைலமைன். சுருக்கமாக டிஎம்ஏ. மீன் செத்தபிறகு அதில் பெருகும் பக்டீரியாக்கள் உண்டாக்குவது. புளி பட்டால் அது காற்றில் எழும்பாமல் அடங்கிவிடும். அம்மாமார் வேதியியல் படிக்காமலே செய்த வேதியியல்.

இதே டிஎம்ஏயை எங்கள் குடலுக்குள் இருக்கும் பக்டீரியாக்களும் செய்கின்றன. முட்டை மஞ்சள் கரு, ஈரல், இறைச்சி இவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சியில் கார்னிட்டைன் இருக்கிறது. குடல் பக்டீரியா இரண்டையும் உடைத்து டிஎம்ஏ ஆக்கும். அது கல்லீரலுக்குப் போய் டிஎம்ஏஓ என்ற இன்னொன்றாக மாறி இரத்தத்தில் கலக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011இல் இதை முதலில் இதய நோயோடு தொடுத்துக் காட்டினார்கள். 2013இல் 4,000க்கு மேற்பட்ட நோயாளிகளை மூன்று வருடம் பார்த்தபோது, இரத்தத்தில் டிஎம்ஏஓ கூடினவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் கூடவாக இருந்தன.

அதே வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அவித்த முட்டைதான். ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டு அவித்த முட்டை கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். டிஎம்ஏஓ ஏறியது. ஒரு கிழமை அன்ரிபயோட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப முட்டை கொடுத்தார்கள். ஏறவே இல்லை. மருந்தை நிறுத்திச் சில கிழமைகளில் பழையபடி ஏறியது. முட்டை அதே முட்டைதான். இடையில் நிற்கிற கிருமிதான் வித்தியாசம். கனகாலம் இறைச்சியே தொடாத ஒருவர் ஆராய்ச்சிக்காக ஒரு ஸ்டேக் சாப்பிட்டபோதும் அவருடைய இரத்தத்தில் டிஎம்ஏஓ அவ்வளவாக ஏறவில்லை. அதைச் செய்யும் பக்டீரியா அவர் குடலில் பெருகவில்லை.

இதையெல்லாம் நான் தேடித் தேடி வாசிப்பதற்குக் காரணம் அப்பா. 1999இல் அவருக்கு மாரடைப்பு வந்தபோது வயது 52. சிகரெட் இல்லை, குடி இல்லை, ஆள் ஒல்லி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்த மாமாமார் எல்லோரும் ஒரே வசனம்தான்: "இவருக்கு எப்படி?" பதினெட்டு வயதில் எனக்கும் அதே கேள்வி. தம்பிக்கு இப்போது 42. கணவருக்கு 47. எங்கட சமூகத்தில் அம்பது வயது என்பது ஆண்களுக்கு ஒரு பொல்லாத வயது. நீங்களும் ஐம்பதுகளில் போன ஒரு மாமாவையாவது, சித்தப்பாவையாவது நினைத்துக்கொண்டுதான் இதை வாசிக்கிறீர்கள்.

லண்டனில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை. 1988க்கும் 1991க்கும் இடையில் சவுத்ஹோலிலும் பிரெண்டிலும் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 5,000 பேரைச் சோதித்தார்கள். சேபர் ஆய்வு என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர், தென்னாசியர், கரீபியர் மூன்று பகுதியினரும் அதில் இருந்தார்கள். பின்னர் கணக்கெடுத்தபோது, இதய நோயால் இறந்த தென்னாசிய ஆண்களின் விகிதம் வெள்ளைக்கார ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிகரெட், கொலஸ்ட்ரோல், பிரஷர், நீரிழிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. என்னை நித்திரை கொள்ள விடாதது அந்த மிச்சம்தான்.

அந்த மிச்சத்தில் குடல் கிருமிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். நிரூபணம் என்று சொல்லமாட்டேன். "இறைச்சியை விடுங்கோ, எல்லாம் சரி" என்ற வாட்ஸப் ஞானமும் எடுபடாது. தலைமுறையாக இறைச்சி தொடாத வெம்பிளிக் குஜராத்திக் குடும்பங்களிலும் மாரடைப்பு குறையவில்லையே. மீனிலும் ஒரு சிக்கல். கடல் மீனில் டிஎம்ஏஓ இயற்கையாகவே இருக்கிறது, சாப்பிட்டால் இரத்தத்தில் விறுக்கென்று ஏறும். ஆனால் என்எச்எஸ் கிழமைக்கு இரண்டு தரம் மீன் சாப்பிடச் சொல்கிறது, அதில் ஒன்று கொழுப்பு மீனாக இருக்கட்டும் என்கிறது. சிறுநீரகம் பழுதானாலும் டிஎம்ஏஓ தேங்கும். அது குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்ற ஆளா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் சூடை மீனை விடுகிறதாக இல்லை.

கிருமிதான் காரணம் என்றால் மருந்தால் கொல்லலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. கிளமிடியா நியூமோனியே என்ற, நெஞ்சுச் சளி உண்டாக்கும் பக்டீரியாவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1988இல் பின்லாந்தில் கண்டார்கள். பிறகு இதய நோயாளிகளுக்கு மாதக்கணக்காக அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். 2005இல் வெளிவந்த இரண்டு பெரிய பரிசோதனைகள், ஒவ்வொன்றிலும் 4,000க்கு மேல் ஆட்கள். பிரயோசனம் பூச்சியம்.

கொல்வதைவிட வளர்ப்பதில்தான் விஷயம் இருக்குது போல. பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில், கிங்ஸ் கொலிஜின் இரட்டையர் ஆய்வு நடக்கிறது. 2018இல் கிறிஸ்ரினா மென்னி குழுவினர் அதிலிருந்து 617 பெண்களின் நாடிகள் எவ்வளவு விறைத்திருக்கின்றன என்று பார்த்தார்கள். குடலில் பலவகைப் பக்டீரியா இருந்தவர்களின் நாடிகள் இளக்கமாக இருந்தன. வகை கூட வேண்டுமென்றால் அவற்றுக்குப் பலவகைத் தீனி வேண்டும். தீனி என்றால் நார்ச்சத்து. இங்கு பெரியவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் என்பது சிபாரிசு. பெரும்பாலானோர் அதைத் தொடுவதேயில்லை.

அம்மாவின் சமையலில் அது தானாக வந்துகொண்டிருந்தது: குரக்கன் புட்டு, கௌபி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். என் சமையலில் கிழமை நாட்களில் வெள்ளைச் சோறும் கோழிக்கறியும்தான், ஏனென்றால் ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். என் மகனுக்கு வயது பன்னிரண்டு. "அம்மா, இது புல்லு" என்று வல்லாரையை ஒதுக்கி வைப்பான். ஆனால் கடலைக் கறி என்றால் இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவான். ஆகவே இப்போது கடலைதான், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஊறப்போட்டு அவித்து ஃபிரீசரில். பழஞ்சோற்றை மருந்து என்று சொல்லித் திரிகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை, அது ருசி. கடையில் விற்கும் விலையான பக்டீரியா மாத்திரைக்கும் நான் காசு கொடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் வந்த கிருமி பெரும்பாலும் தங்காது.

கணவருக்கு என்எச்எஸ் ஹெல்த் செக் எடுத்திருக்கிறோம். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே இதய நோயோ நீரிழிவோ இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும் கியூரிஸ்க்கில் உங்கள் இனம் கேட்பார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் எல்லாருக்கும் தனித்தனி இடம் உண்டு, எங்களுக்கு "வேறு ஆசியர்" மட்டும்தான். குடல் கிருமி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் உங்கள் தகப்பனுக்கு 60 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்று கேட்பார்கள். தம்பிக்கும் கடிதம் வந்திருக்கிறது, இன்னும் போகவில்லை. "அக்கா, எனக்கு ஒண்டுமில்லை" என்கிறான். அப்பாவும் அப்படித்தான் சொன்னவர் என்று நேற்றுப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வியாழக்கிழமை ஜீபிக்கு அடிக்கிறதாகச் சொன்னான்.