கல்லைத் தேடிக் கடற்கரைக்கு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பாதை எனக்குப் புதிதன்று. எத்தனையோ முறை பேருந்தில் சென்று வந்திருக்கிறேன். ஆயினும் சென்ற மாதம் என் தங்கை மகளுடன் சென்றுவந்ததைப் போன்ற பயணம் முன்னர் வாய்த்ததில்லை. நாங்கள் சென்றது சிற்பம் காண அன்று. ஒரு பக்க விண்ணப்பம் எழுதுவதற்காக!

அவள் சென்னையில் நிலவியல் முதுகலை பயில்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கும் நார்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு பருவம் அங்கே சென்று படிக்கலாம். நம் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் இத்தகைய வெளிநாட்டுப் பருவம் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. நம் வீட்டுக்குத்தான் அது புதிது.

தங்கை கண்கலங்கினாள். "அண்ணே, பெண் பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்புவதா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள். ரியாத்தில் வாகனம் ஓட்டும் மைத்துனரோ, "மச்சான், படிப்பு விஷயம், உங்கள் முடிவுதான்" என்று தொலைபேசியில் கூறிவிட்டார். கல்வி தேடி புகாராவிலிருந்து மக்கா, பக்தாத், எகிப்து என அலைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களைப் பற்றி மதரஸாவில் ஆண்டுதோறும் நான் பாடம் நடத்துகிறேன். ஆனால் என் வீட்டுப் பிள்ளை புறப்படுகிறேன் என்றபோது என் நாவும் தயங்கத்தான் செய்தது. இதை மறைப்பானேன்?

விண்ணப்பத்தோடு, 'ஏன் இங்கு வந்து படிக்க விரும்புகிறாய்?' என்பதற்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். அவள் எழுதியிருந்ததைப் படித்தேன். உலகத்தரம், அரிய வாய்ப்பு, சிறுவயதுக் கனவு என்று எல்லாம் இருந்தன. அவள் மட்டும் அதில் இல்லை. "உன் ஊர்ப் பாறை என்ன பாறை அம்மா?" என்று கேட்டேன். வரலாற்றுப் பட்டதாரியான எனக்குக் கல் என்றால் கல்வெட்டுதான். அவளோ அரைமணி நேரம் பேசினாள். "இதை ஏன் எழுதவில்லை?" என்றதற்குப் பதில் இல்லை. மறுநாளே புறப்பட்டோம்.

கொளவாய் ஏரியைப் பின்னே விட்டுப் பேருந்து கிழக்கே திரும்பியதும் குன்றுகள் தலைகாட்டின. சார்னோகைட் என்னும் நீலச்சாம்பல் நிறப் பாறை இவ்வட்டாரத்தில் பரவலாகக் கிடக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னோக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல், நம் பல்லாவரப் பாறையின் இனம் என்பதை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 1890களில் கண்டறிந்து, அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் அவருடையது! அதே இனப் பாறை தென் நார்வேயின் ஃபார்சுண்ட் கடற்கரையிலும் உண்டு. அதைக் கண்ணால் கண்டு, கையால் உடைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இப்பெண்ணின் ஆசை. மூன்று வரியில் சொல்லக்கூடிய இந்தக் காரணத்தை விட்டுவிட்டுத்தான் கனவு பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலருகே கூட்டம் மிகுதி. நாங்கள் குன்றுப்பக்கம் ஏறி, முற்றுப்பெறாத குடைவரை ஒன்றின் முன் அமர்ந்தோம். பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சுற்றிலும் ஆழமாக வெட்டி, நடுவிலுள்ளதை உடைத்தெடுப்பது பல்லவர் காலத்துச் சிற்பியரின் முறை. பாதியில் நின்றுபோன இடங்களில் அச்சதுரங்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. அவள் பூதக்கண்ணாடியால் மணிகளை ஆராய்ந்து குறிப்பெடுத்தாள். நான் பையிலிருந்து அவளுடைய பாடப் பட்டியலை எடுத்தேன்.

உண்மையில் என் அச்சம் தூரத்தைப் பற்றியதன்று. என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே ஒரு பருவம் வெளிநாடு சென்று, நல்ல மதிப்பெண்களோடு திரும்பினான். அங்கே அவன் செய்த ஆய்வகப் பாடம் தங்கள் பாடத்துக்கு ஈடாகாது என்று அவன் கல்லூரி கைவிரித்துவிட்டது. ஓர் ஆண்டு வீணாயிற்று. கலைப் பாடங்களில் ஒன்றுக்கொன்று ஈடு காட்டுவது ஓரளவு எளிது. அறிவியலில் ஆய்வகமும் களப்பணியும் குறுக்கே நிற்கும். ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். நம்மிடம் சுமார் 20. எது எதற்கு ஈடு என்பதைப் பாடம் பாடமாக எழுதி, புறப்படுமுன் துறைத்தலைவரின் கையெழுத்தைப் பெற்றுவிட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

கட்டணம் பற்றியும் பேசினோம். நார்வே 2023 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் பெறுகிறது. ஒப்பந்தத்தின்பேரில் வரும் பரிமாற்ற மாணவர்க்கு அது இல்லை. தம் பல்கலைக்கழகத்துக்கே கட்டினால் போதும். ஆனால் தங்கும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அங்கேதான் மைத்துனரின் சேமிப்பு கரையும்.

பெயர் விவகாரம் வேறு. நம் பிள்ளைகளின் அரபுப் பெயரைப் பள்ளிச் சான்றிதழ் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டு வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கும். தலைப்பெழுத்தோ ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் நிற்கும். குடும்பப் பெயர் எங்கே என்று அயல்நாட்டுப் படிவம் கேட்கும்போது விழிப்போம். இதைப் படிக்கும் பெற்றோர் இன்றே பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லது.

"டிசம்பரில் ஆஸ்லோவில் காலை ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் உதிக்கும் மாமா, பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மறைந்துவிடும். நடுப்பகலில் ஆய்வக வகுப்பு இருந்தால் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் அதற்குள் வந்துவிடும். தொழ ஓர் அறை கிடைக்குமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறேன்" என்றாள். நான் கேட்க நினைத்து, எப்படித் தொடங்குவது என்று தயங்கிய செய்தி அது.

திரும்பும் பேருந்தில் முழங்காலில் தாளை வைத்து முதல் வரியை எழுதினாள்: 'என் ஊரில் ஒரு பாறை இருக்கிறது.' அன்றிரவு தங்கையிடம் என் சம்மதத்தைச் சொன்னேன். அவள், "குளிருக்கு என்ன வாங்க வேண்டும் அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு பாடங்களில் மூன்றுக்குக் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. களப்பணிப் பாடத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், நானும் உடன் செல்கிறேன்.