முப்பது முழம் பூவும் ஒரு கணக்கும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அதில் 25 கேள்விகள் கணக்கும் திறனறிவும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் மொத்தம் 37.5. அந்த 25-ஐயும் அப்படியே ஒதுக்கிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார் அந்தப் பெண். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, 36 வயதில் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தவர். ‘எக்ஸ் என்க’ என்று பார்த்தாலே தலை சுற்றும் என்பார்.

கோச்சிங் போய்க்கொண்டிருந்த தம்பிதான் விடவில்லை.

“எக்ஸை விடுக்கா. நாலு விடை கீழேயே இருக்கே. ஒண்ணை எடுத்து வச்சுப் பாரு.”

தந்தையின் வயது மகன் வயதைப் போல மூன்று மடங்கு. 10 ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு. மகனின் இப்போதைய வயது என்ன? விடைகள் 8, 10, 12, 15. அக்கா 12-ஐ எடுத்தார். தந்தைக்கு 36. பத்து ஆண்டு கழித்து 22-ம் 46-ம். இரண்டு மடங்கு என்றால் 44 அல்லவா வரவேண்டும்? சரி, 10. அப்போது 20-ம் 40-ம். முடிந்தது.

“இது ஏமாத்து வேலை இல்லையாடா?” என்று கேட்டார். பள்ளியில் வழிமுறை எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாதே! ஆனால், விடையைப் பொருத்திச் சரிபார்ப்பதும் கணக்குதான். ஓ.எம்.ஆர். தாளும் வட்டத்தை மட்டுமே பார்க்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை.

அடுத்தது ஆள், நாள் கணக்கு. ஒரு வேலையை ஒருத்தி 10 நாளிலும் இன்னொருத்தி 15 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால்? மாலையில் பூக்கட்டிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவருக்கு, வேலை என்றால் பூதான். 10, 15 இரண்டாலும் வகுபடும் 30 முழம் என்று வைத்துக்கொண்டார். ஒருத்தி நாளுக்கு 3 முழம், மற்றவள் 2 முழம். சேர்ந்தால் 5. ஆறு நாள். பின்னமே வரவில்லை!

‘மூன்றே விநாடியில் விடை’ என்று மொபைலில் வரும் சூத்திரங்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஏன் என்று புரியாமல் மனப்பாடம் செய்தால், ஒருத்தி இரண்டு நாளில் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்வியைத் திருப்பியதும் கைவிட்டுவிடும். பூ கைவிடாது. இரண்டு நாளில் 10 முழம் முடிந்திருக்கும், மீதி 20.

போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60. சராசரி வேகம்? அக்கா சட்டென்று 50 என்றார். தம்பி சிரித்துக்கொண்டே, “தூரம் 120-ன்னு வச்சுக்கோ” என்றான். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. விடைகளில் 50-ம் இருந்தது. அவசரக்காரர்களுக்காகவே வைத்தது!

இப்போது மாதிரித் தேர்வில் 25-க்கு 16 வருகிறது. கூட்டுவட்டிதான் இன்னும் தடுமாற்றம். அதற்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறார்.