ஆயத்தம் என்னும் சொல்

தமிழ் பயிற்றும் பணியில் ஈடுபட்டுள்ள நாம், அறிவியற் செய்திகளைக் கற்கும்போதும் முதற்கண் சொற்களையே நோக்குகின்றோம். அங்ஙனம் அண்மைக் காலத்தே நம் சிந்தையை ஈர்த்த தொடர் ஒன்றுண்டு. 'ஹைட்ரஜனுக்கு ஆயத்தமான மின்நிலையம்' என்பதே அது. உலகின் பெருந்தொழில் நிறுவனங்கள் பலவும் தாம் ஆக்கி விற்கும் எரிவாயுச் சுழலிகளுக்கு இவ்வடைமொழியைச் சூட்டி மகிழ்கின்றன. சொல் என்பது ஒருவகை வாக்குறுதி. நிறைவேற்றும் வரை அது கடனாகவே நிற்கும். இக்கடன் எவ்வளவு தீர்ந்துள்ளது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறியவே இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

நீரைப் பிறப்பிக்கும் வாயு

1766 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹென்றி கேவண்டிஷ் இதனைத் தனியொரு வாயுவென இனங்கண்டார். பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், 'நீரைப் பிறப்பிப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இதற்குப் பெயரிட்டார். நம் தமிழறிஞர்கள் 'நீரகம்' என்றனர். பெயரே இயல்பை உணர்த்துகின்றது. எரிந்தால் இவ்வாயு நீராவியையே தரும். கரியமில வாயுவைத் தாராது. நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்தே பெருமளவு மின்சாரம் பெற்றுவரும் உலகிற்கு இது நற்செய்தியே. எனினும் இவ்வாயுவை ஆள்வது எளிதன்று. இதன் சுடர், இயற்கை எரிவாயுவின் சுடரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு விரைந்து பரவும். அதனால் எரிகலத்தில் நிற்க வேண்டிய தீ, எரிபொருள் வரும் வழியே பின்னோக்கிப் பாய்ந்து கருவியைச் சிதைக்கக் கூடும். சுடரின் வெப்பம் மிகுந்தால், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறி நச்சுப் புகையாகும். இவ்விரு இடர்களையும் ஒருங்கே வெல்வதே பொறியாளர் முன்னுள்ள பணியாகும்.

தக்காசாகோவின் முயற்சி

ஜப்பான் நாட்டின் ஹியோகோ மாநிலத்தில், கடற்கரையோரம் அமைந்த நகரம் தக்காசாகோ. மித்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம் தன் எரிவாயுச் சுழலிகளை ஆக்குவது இங்கேதான். இவ்வளாகத்தில் 566 மெகாவாட் திறனுடைய சோதனை மின்நிலையம் ஒன்று 2020 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அது பெயரளவில்தான் சோதனை நிலையம். உண்மையில் ஊர் மின்தொடருக்கு நாளும் மின்சாரம் வழங்குவது. ஹைட்ரஜனை ஆக்குதல், சேமித்தல், எரித்தல் ஆகிய மூன்றையும் ஓரிடத்திலேயே ஆய்ந்தறிய, 2023 செப்டம்பரில் அவ்வளாகத்தில் 'ஹைட்ரஜன் பூங்கா' முழுமையாக இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில், அங்கேயே நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜனை 30 விழுக்காடு கலந்து, பெருஞ்சுழலியை மின்தொடரோடு இணைத்த நிலையிலேயே இயக்கிக் காட்டினர். அதே மாநிலத்தின் கோபே நகரில், கவாசாகி நிறுவனம் 2018 ஆம் ஆண்டிலேயே ஒரு மெகாவாட் அளவிலான சிறு சுழலியை முழுதும் ஹைட்ரஜனாலேயே இயக்கி, அண்டையிலுள்ள கட்டடங்களுக்கு வெப்பமும் மின்சாரமும் வழங்கியிருந்தமையும் இங்கு நினையத்தக்கது.

கணக்குக் கூறும் உண்மை

இவை மெய்யான சாதனைகள். ஆயினும் துலாக்கோலின் மறுதட்டையும் நாம் நோக்குதல் வேண்டும். ஹைட்ரஜன் மிக இலேசானது. ஒரே கன அளவில் இயற்கை எரிவாயு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே அது தரும். எனவே 30 விழுக்காடு கலந்தாலும், கரியமில வாயு குறைவது 10 விழுக்காட்டை ஒட்டியே. மேலும், பூங்காவின் மின்னாற்பகுப்புக் கருவி மணிக்கு 1,100 கன மீட்டர் ஹைட்ரஜனைத் தரும். சேமிப்புக் கலன்கள் கொள்வது 39,000 கன மீட்டர். அவற்றை நிரப்ப ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். நிரம்பிய அவ்வாயு முழுவதையும் தனித்து எரித்தாலும், 566 மெகாவாட் நிலையத்தை ஏழெட்டு நிமிடங்களே முழுத்திறனில் இயக்கலாம் என்பது நாம் போட்டுப் பார்த்த கணக்கு.

விலையும் சிறிதன்று. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கும் மிகுதியான மின்சாரம் வேண்டும். அதனைச் சிறந்த நிலையத்தில் எரித்தாலும் திரும்பக் கிடைப்பது 20 யூனிட் அளவே. காற்றும் கதிரவனும் மிகுதியாகத் தரும் மின்சாரத்தை வீணாக்காது, அவை ஓய்ந்த காலத்திற்குச் சேமித்து வைக்க மட்டுமே இவ்விழப்புத் தகும். மேலும், இன்று உலகில் ஆக்கப்பெறும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதே. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோகிராம் பெறுங்கால் ஏறத்தாழ 10 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகின்றது. அத்தகைய ஹைட்ரஜனை எரிப்பது, வாயிலில் தூய்மையும் கொல்லைப்புறத்தில் குப்பையும் வைத்தலை ஒக்கும்.

நிய்யத்தும் அமலும்

இன்று நிறுவப்பெறும் சுழலி, இன்னும் சில பத்தாண்டுகள் சுழலும். தூய ஹைட்ரஜன் வந்தடையின், ஆயத்தம் என்ற சொல் வாய்மையாகும். வாராதாயின், அச்சுழலி வாழ்நாள் முழுதும் எரிவாயுவையே எரிக்கும். அச்சொல்லோ புகைக்குப் போர்த்திய வெண்துகிலாய் முடியும். அப்புகையின் விளைவைச் சுமப்போர் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே.

ஓடும் ஆற்றில் உளூச் செய்யினும் நீரை விரயமாக்கலாகாது என்னும் நெறியில் வளர்ந்தவர்கள் நாம். காற்றும் நீரும் நம் உடைமையல்ல, அமானிதம் என்பதை நம் பெரியோர் நமக்குக் கற்பித்துள்ளனர். நிய்யத் இன்றி அமல் சிறவாது. அமலைத் தொடாத நிய்யத்தோ நிறைவு பெறாது. 'ஆயத்தம்' என்பது நிய்யத். தக்காசாகோவில் நிகழ்ந்தது அமலின் முதற்படி. அதனை நாம் உளமாரப் பாராட்டுகின்றோம். எஞ்சிய படிகளைக் கேட்டறியும் உரிமையையும் விட்டுவிடோம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இனி இச்சொல்லை எங்குக் காணினும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இன்று எத்தனை விழுக்காடு கலக்கின்றது? அந்த ஹைட்ரஜன் எதிலிருந்து பெறப்பட்டது? முழுமையாக மாறும் ஆண்டு எது? விடை கிடைக்கும் இடத்தில் நம்பிக்கை வையுங்கள். கிடையாத இடத்தில் வினாவை மீண்டும் தொடுங்கள். பொறுப்புணர்ந்து அறியும் அறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!