கதவும் தர்க்கமும்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில், பருத்தி எடுத்து, மிளகாய் காய்ந்து, ஜனங்களின் கையில் நாலு காசு புழங்குகிற காலத்தில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டிவிட்டார்களானால், அந்த விழாவில் ஓர் இரவு ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு உரியது என்பது அநேகமாக எழுதாத சட்டம். அதன் கதை இன்னதென்று அறியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இரார். தினைப்புனத்தில் வள்ளி நிற்பாள், நாரதர் வருவார், முருகன் வேடனாக வருவான், பிறகு கிழவனாக வருவான், யானை வந்து பயமுறுத்தும், கிழக்கு வெளுக்கிற நேரத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள். தாய் மடியில் தூங்கி விழுகிற குழந்தைக்குக்கூட முடிவு தெரிந்த ஒரு கதையைக் காண்பதற்காக, மறுநாள் காட்டு வேலைக்குப் போகவேண்டிய மனிதர்கள் விடிய விடியக் கண்விழித்து மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் எதைக் காண வருகிறார்கள் என்ற கேள்வி எனக்கு வெகுகாலமாக உண்டு.

கதைப்பின்னல், பாத்திரம், உட்கருத்து என்று மூன்றாகப் பிரித்துப் பாடம் சொல்வது வகுப்பறை வழக்கம். அரிஸ்டாட்டில் இவற்றுள் கதைப்பின்னலுக்கே முதலிடம் கொடுத்தார். பாத்திரங்களின் சுபாவத்தை அதற்கு அடுத்தபடியில்தான் வைத்தார். ஈடிபஸின் கதையை முன்கூட்டியே அறிந்துதான் அவர் நாட்டு ஜனங்களும் நாடகக் கொட்டகைக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால், அவர் சொன்ன கதைப்பின்னல் என்பது, ‘அடுத்து என்ன?’ என்ற ஆவல் மட்டும் அன்று என்பது விளங்கும்.

‘வள்ளி திருமணம்’ இப்படி மேடையேறுகிற முறைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அதன் ஏற்பாட்டைப் பாருங்கள். நாரதர் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், ராஜபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திப்பதே அன்றைக்கு வேஷங்கட்டுகிற கொட்டகையில்தான். ஆயினும் நாடகம் நடக்கிறது. ஏனென்றால் கதைப்பின்னல் எல்லாருக்கும் பொதுச்சொத்து. எந்த இடத்தில் யார் வரவேண்டும், எந்தப் பாட்டை எடுக்கவேண்டும் என்பதை, இந்நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வகுத்த வழியில், நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்று தர்க்கம் செய்கிற கட்டம் வந்ததும், அரைத்தூக்கத்தில் கிடந்த கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. நாரதர் மடக்குகிறார், வள்ளி திருப்பிக் கேட்கிறாள். அன்றைக்கு வள்ளியாக வந்த ஸ்திரீபார்ட் பக்தியில் கரைகிறவளாக இருந்தால், பதிலெல்லாம் பணிவில் தோய்ந்து, ஜீவன் பரமனைத் தேடுகிற தத்துவமே அன்றைய நாடகத்தின் பொருளாகிறது. வாய்த்துடுக்குள்ளவளாக இருந்துவிட்டாலோ, தன் புனத்தையும் தன் மனத்தையும் தானே காக்கத் தெரிந்த ஒரு பெண், முன்பின் தெரியாத ஆடவனிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையே பொருளாகிறது. கதை ஒன்றுதான், பாட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், பாத்திரத்தின் சுபாவம் ஓர் இழை மாறியதும் உட்கருத்து தானே மாறிக்கொள்கிறது. எந்த வள்ளி அன்று வரப்போகிறாள் என்பதைக் காணவே ஜனங்கள் வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சங்கரதாஸ் சுவாமிகள் நம் சீமைக்காரர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். சனீஸ்வரன் வேஷத்தோடு, விடியற்காலையில் அதைக் கலைக்க நீர்த்துறைக்குப் போன அவரைக் கண்டு ஒரு கர்ப்பிணிப்பெண் அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதிலிருந்து அவர் வேஷங்கட்டுவதையே விட்டு ஆசிரியராக அமர்ந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். பாத்திரம் கதையை விட்டு வெளியே நடந்துவந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடப் பயங்கரமாகச் சொல்ல முடியாது.

தெரிந்த கதையில் ஜனங்கள் புதியதைத் தேடுவதுபோலத் தெரிந்த ராகத்தில் புதியதைத் தேடிய பாடகர், விளாத்திகுளம் சுவாமிகள் என்று பெயர்பெற்ற நல்லப்ப சுவாமிகளும் இங்கே நினைவுக்கு வருகிறார். எல்லாருக்கும் பழகிய ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்காக அதனுள்ளேயே சஞ்சரிப்பவர் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்வார்கள். அவரிடம் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் கதை எழுத வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உட்கருத்து முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மற்ற இரண்டையும் ஏவினால் என்ன ஆகும் என்பதற்கும் நாம் தூரத்துக்குப் போகவேண்டியதில்லை. 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் துரையைச் சந்தித்து, 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதையை, சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தோடு சிவாஜி கணேசன் மேடையில் நடித்தார், 1959-ல் அது திரைப்படமாகவும் வந்தது. அந்த வசனத்தைப் பேசிப்பார்க்காத பையன் அந்நாளில் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதன் கம்பீரத்தை நானும் ரசிப்பவனே. ஆனால் அதில் எட்டயபுரத்துப் பாளையக்காரன் எட்டப்பனுக்குக் கிடைத்த இடத்தை யோசியுங்கள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த பழைய எல்லைத் தகராறு என்ன, கும்பினியின் பீரங்கியைக் கணக்குப் பார்த்த ஒரு பாளையக்காரனின் அச்சம் என்ன, தன் குடிகளைப் பற்றி அவன் நினைத்தது என்ன என்பவற்றுக்கெல்லாம் அங்கே இடமில்லை. தேசபக்தி என்ற உட்கருத்துக்குத் துரோகி ஒருவன் தேவைப்பட்டான். அந்த வேலைக்கு அவன் அமர்த்தப்பட்டான். பாரதி பிறந்த ஊரின் ஜமீன் பெயர் தமிழ்நாடு முழுவதும் வசைச்சொல்லாகிவிட்டதில் எட்டயபுரத்துக்காரர்களுக்கு உள்ள வருத்தம் நியாயமானதே. கலையின் கணக்கிலும் இது நஷ்டம்தான்: புத்தியுள்ள ஒருவன் தக்க காரணத்தோடு பணிந்துபோன இடத்தில் தான் பணியாமல் நின்றான் என்று காட்டியிருந்தால், கட்டபொம்மனின் வீரம் இன்னும் ஒரு முழம் உயர்ந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைந்து நிற்கும் கதை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைத்தான் சொல்வேன். தந்தை மணிமுத்தாற்றுக்குக் கூலிவேலைக்குப் போயிருக்கிறார், தாய் காட்டுவேலைக்குப் போகிறாள், வீட்டில் குழந்தைகள். அவர்களுக்கு அந்த வீட்டுக் கதவுதான் விளையாட்டு. அதில் ஏறி ஆடுவார்கள், அதையே பஸ்ஸாக்கித் திருநெல்வேலிக்குப் பயணம் போவார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். விவரம் அறியாத பிள்ளைகள் மேளதாளம்போல வாயால் ஒலியெழுப்பிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் இரவில் குளிர் நுழைகிறது. கைக்குழந்தை நோய்கண்டு இறந்துபோகிறது. பின்னொரு நாள் அந்தக் கதவைக் கண்டுபிடிக்கிற குழந்தைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

தலையாரி கதவை விட்டுவிட்டு ஒரு வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்று ஒரு கணம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்தி நடந்துவிடும், தாய் அழுவாள், சர்க்கார் ஏழைக்கு இரங்கவில்லை என்ற கருத்தும் அப்படியே இருக்கும். ஆனால் பானையில் ஏறிக் குழந்தைகள் திருநெல்வேலிக்குப் போயிருக்க மாட்டார்கள். பானை போன வழியாகக் குளிர் உள்ளே வராது. குழந்தை இறக்கவேண்டுமானால் ஆசிரியர் வேறொரு காய்ச்சலைத் தனியே வரவழைக்க வேண்டும். கடைசியில் பானையைக் கட்டிக்கொண்டு யாரும் நிற்கப்போவதில்லை. குழந்தைகளின் சுபாவத்தைக் காட்டியதும், சம்பவத்தை நகர்த்தியதும், வறுமையின் பொருளைச் சொன்னதும் அந்த ஒரே மரக்கதவு. இதை ஆசிரியர் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அரசாங்கத்தை ஒரு வார்த்தை வைதிருந்தால்கூடக் கதை கெட்டிருக்கும்.

நம் பள்ளிக்கூடங்களிலோ, கதைச்சுருக்கம் எழுதுக, பாத்திரப்படைப்பை விளக்குக, உட்கருத்து யாது என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போடுகிறோம். பிள்ளைகளும் உரைநூலைப் பார்த்து மூன்றுக்கும் மூன்று பதில் ஒப்பித்துவிடுகிறார்கள். தமிழாசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: அந்த மூன்றையும் நிறுத்திவிட்டு, ‘தலையாரி கதவை விட்டு வேறொன்றை எடுத்திருந்தால் இந்தக் கதை என்னவாகியிருக்கும்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, முழு மதிப்பெண்ணையும் அதற்கே கொடுங்கள்.